ஃப்ளூரோயுராசில் 5% க்ரீம்: வெயில் கெடுத்த தோலுக்கு இதை நம்பலாமா?

இந்த க்ரீமைப் பற்றி வரும் குறைகளில் பெரும்பாலானவை பத்தாவது நாளை ஒட்டிப் பிறக்கின்றன. அதுவரை சும்மா கிடந்த நெற்றி அப்போதுதான் சிவந்து, காந்தி, மிளகாய் அரைத்துப் பூசினாற்போல் ஆகும். "மருந்து ஒத்துக்கலீங்க" என்று டியூபைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள். இந்த மருந்தில் அந்தச் சிவப்பும் காந்தலும்தான் மருந்து பிடித்ததற்கு அடையாளம். அதை எழுதிக்கொடுப்பவர் சொல்லாமல் விட்டால், வாங்குகிறவர் பாதியில் நிறுத்துவதில் வியப்பில்லை. எங்கள் கணிப்பில் இது மிக நல்ல மருந்து. ஆனால் சரியான தோலுக்கு, சரியான மாதத்தில், முழுக்கெடுவும் போட்டால்தான்.

முதலில் எதற்கான மருந்து என்பது. பல வருசம் வெயிலில் காய்ந்த தோலில் சொரசொரவென்று சின்னச் சின்னத் தடிப்பு வரும். ஆக்டினிக் கெரட்டோசிஸ் என்று டாக்டர்கள் எழுதுவார்கள். கண்ணுக்குத் தெரிவதைவிட விரலுக்கு நன்றாகத் தெரியும். தச்சர் வைத்திருக்கும் உப்புத்தாளைத் தடவின மாதிரி இருக்கும். நெற்றி, வழுக்கைத் தலை, காது மடல், மூக்கு, கீழுதடு, புறங்கை, முன்கை இவைதான் அது வரும் இடங்கள். இது புற்றுநோய் இல்லை. ஆனால் புற ஊதாக் கதிரில் மரபணு கெட்ட செல்கள் அங்கே இருக்கின்றன. பெரும்பாலான தடிப்பு அப்படியே கிடக்கும், சிலது தானாக மறையவும் செய்யும், ஒரு சிலது ஸ்குவாமஸ் செல் தோல் புற்றாக மாறும். எது மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை என்பதால்தான் எல்லாவற்றுக்கும் மருந்து போடுகிறோம்.

மாநிறத்துக்கும் கறுப்புக்கும் மெலனின் காவல் உண்டு. அதனால் காங்கேயம், தாராபுரம் பக்கம் காடு கழனியில் காலம் முழுக்க நின்றவர்களிலும் இது எல்லோருக்கும் வருவதில்லை. இங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்கள் வேறு: வெண்புள்ளி விழுந்த இடத்தில் வெயில் படுகிறவர்கள், பிறவியிலேயே தோல் வெளுத்தவர்கள், சிறுநீரகம் மாற்றிக்கொண்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சிவந்த தோலும் வழுக்கையுமாக நாற்பது வருசம் தோட்டத்தில் நின்ற அப்பாருகள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடம்பைக் குளிர வைக்கும், கதிரைக் குறைக்காது. கோயமுத்தூர், பொள்ளாச்சிக்காரர்கள் வெயிலைக் குறைத்து எடைபோடுவது இதனால்தான்.

நம் பக்கம் தோலில் தடிப்பு என்று வருவதில் பெரும்பகுதி இந்த நோயே இல்லை. வயதானவர்கள் முகத்தில் மெழுகு ஒட்டினாற்போல் கறுப்பாக எழும்பும் மரு, கன்னத்து மங்கு இவற்றுக்கு இந்த க்ரீமைப் போட்டால் புண் மட்டும்தான் மிச்சம். ஆகவே தோல் டாக்டர் டெர்மோஸ்கோப் என்ற தோல் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொன்ன பிறகே தொடங்க வேண்டும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி, பெருந்துறையில் உள்ள ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி இரண்டிலும் தோல் பிரிவு உண்டு. தடிப்பின் அடி கெட்டியாக இருந்தாலோ, அமுக்கினால் வலித்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, ஓரிரு மாதத்தில் வேகமாக வளர்ந்தாலோ க்ரீம் பேச்சே வேண்டாம். துளி தோல் எடுத்து பயாப்ஸி பார்க்க வேண்டும். மேலே க்ரீம் போட்டு ஆற்றிவிட்டால் அடியில் இருக்கும் புற்று மறைந்து வளர இடம் கிடைக்கும்.

இது பழைய மருந்து. 1957-ல் சார்லஸ் ஹைடல்பெர்கர் குழு உருவாக்கியது, உள்ளுறுப்புப் புற்றுநோய்க்கு ஊசியாகப் போட்டார்கள். ஊசி போட்டவர்களின் வெயில் தடிப்புகள் சிவந்து உதிர்வதைக் கவனித்துத்தான் தோலுக்கும் கொண்டுவந்தார்கள். டிஎன்ஏ கட்டத் தேவையான தைமிடினைச் செய்யும் நொதியை இது முடக்கும். வேகமாகப் பிரியும் கெட்ட செல்லுக்கு அந்தச் சரக்கு அதிகம் வேண்டும், கிடைக்காமல் சாகும். பக்கத்து நல்ல தோல் பெரும்பாலும் தப்பிவிடும். கண்ணுக்குத் தெரியாத தடிப்புகளும் சேர்ந்து சிவப்பதால், "இல்லாத இடத்தில் எல்லாம் கிளப்பிவிட்டது" என்று தோன்றும். அங்கே அவை முன்பே இருந்தவைதான்.

நெதர்லாந்தில் 624 பேரை நான்காகப் பிரித்து நான்கு சிகிச்சைகளை ஒப்பிட்டு 2019-ல் முடிவு வெளியிட்டார்கள். தலைப்பகுதித் தடிப்புகளில் முக்கால் பங்காவது மறைந்து ஒரு வருசம் வரை நிலைத்தது, இந்த க்ரீம் போட்டவர்களில் 74.7 சதவீதம் பேருக்கு. இமிக்விமோட் என்ற இன்னொரு க்ரீமில் அது 53.9, ஒளி சிகிச்சையில் 37.7, இன்ஜினால் என்ற ஜெல்லில் 28.9. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 932 பேரிடம் செய்த ஆய்வில், ஒரே ஒரு முழுக்கெடு போட்டதற்கே முதல் வருசத்தில் அறுவை சிகிச்சை தேவைப்படும் ஸ்குவாமஸ் புற்று 75 சதவீதம் குறைந்திருந்தது. இவர்கள் நம்மைவிட வெளுத்த தோல்காரர்கள் என்பதை நினைவில் வைத்தாலும், இந்தக் க்ரீமை முதலிடத்தில் வைக்க இது போதும்.

வாங்கும்போது சீட்டில் உள்ள சதவீதத்தையும் டியூபில் உள்ளதையும் ஒத்துப் பாருங்கள். இங்கே ஃப்ளோனிடா என்ற பெயரில் கிடைக்கும், 1% என்றும் 5% என்றும் உண்டு. மேலே சொன்ன பலன் எல்லாம் 5 சதவீதத்துக்கு. எவ்வளவு வாங்குவது என்பதற்குக் கணக்கு எளிது. ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது விரல் சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். நெற்றிக்கு ஒரு வேளைக்கு அதில் பாதி தாராளம். நாளுக்கு இரண்டு வேளை, 21 நாள் என்றால் பத்து கிராம் டியூப் ஒன்று சரியாக இருக்கும். முழு வழுக்கைக்கு இரண்டு டியூப். ஒரே சமயத்தில் 500 சதுர செ.மீ.க்கு மேல், அதாவது நாலாபுறமும் 23 செ.மீ. உள்ள கட்டத்துக்கு மேல், போடக் கூடாது. தலையும் இரண்டு கையும் என்றால் தலையை முடித்து ஆறின பிறகு கைக்கு வாருங்கள்.

போடும் முறையில் பெரிய வித்தை இல்லை, சுத்தம்தான் முக்கியம். மென்மையான சோப்பில் கழுவி, துண்டால் ஒற்றி, பத்து நிமிசம் காயவிட வேண்டும். ஈரத்தில் போட்டால் காந்தல் கூடும். உறை போட்ட விரலாலோ காது குடையும் பஞ்சுக்குச்சியாலோ, பளபளப்புத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும்படி மெல்லியதாகத் தடவுங்கள். தடிப்பின் மேல் மட்டும் புள்ளி வைக்காமல் டாக்டர் குறித்துக்கொடுத்த இடம் முழுக்கத் தடவ வேண்டும். இமை, மூக்கோர மடிப்பு, வாய்க்கடை வேண்டாம். அங்கே க்ரீம் தேங்கி ஆழமாகப் புண்ணாகும். கையை உடனே கழுவுங்கள். ராத்திரி வேளையைப் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிட்டால் தலையணையில் ஒட்டிக் கண்ணுக்குப் போகாது. கட்டுப் போட வேண்டாம். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை வழக்கமான அளவே, இரட்டிப்பாக்கக் கூடாது.

விபூதி, குங்குமம், சந்தனம் இவற்றை அந்த நாட்களில் நெற்றிக்கு வைக்க வேண்டாம். கொஞ்சம் மனசு கேட்காதுதான். ஆனால் அவை புண்ணில் ஒட்டி உரசும், பூசும்போது க்ரீமும் வழிந்துபோகும். மஞ்சள், வேப்பெண்ணெய், கற்றாழைச் சோறும் அப்படியே. எரிந்தால் குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தத் துணியைப் பத்து நிமிசம் ஒற்றலாம், க்ரீம் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து வாஸ்லின் தடவலாம்.

இனி நாள் கணக்கு. முதல் நாலைந்து நாள் ஒன்றும் தெரியாது. "டூப்ளிகேட் மருந்தோ" என்ற சந்தேகம் வரும் காலம் அது. இரண்டாம் வாரம் சிவப்பும் காந்தலும். கறுத்த தோலில் சிவப்பாகத் தெரியாமல் ஊதாவோ அடர்பழுப்போ ஆகத் தெரியும், அதனால் விரலால் சூட்டையும் சொரசொரப்பையும் பாருங்கள். மூன்றாம் வாரம் தோல் உரிந்து, ஆங்காங்கே கசிந்து, பொறுக்குக் கட்டும். நிறுத்த வேண்டிய கட்டம் அதுதான். முகத்துக்கு இரண்டிலிருந்து நான்கு வாரம். புறங்கை, முன்கையில் தோல் தடிமன் என்பதால் நான்கு வாரத்துக்கு மேலும் ஆகலாம், பலனும் முகத்தைவிடக் குறைவு. நிறுத்திய பின்னும் சில நாள் மோசமாகும், பிறகு இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் ஆறும். நிறம் சமமாக மேலும் ஓரிரு மாதம் வேண்டும். நம் தோலில் கறுத்த தழும்பு நிறம் இன்னும் சில மாதம் நிற்கலாம். இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பார்க்கிறவர்கள் அம்மையா, தீக்காயமா என்று கேட்பார்கள்.

மாதம் பார்த்துத் தொடங்குவது நம் ஊருக்கு ரொம்பப் பொருந்தும். கார்த்திகைக் கடைசியில் தொடங்கினால் மோசமான நாட்கள் மார்கழியில் கழியும். கல்யாணம், விசேசம் கிடையாது, வியர்வை குறைவு. தைக்குள் பொறுக்கு உதிர்ந்திருக்கும். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் புதுத்தோலோடு வெயிலில் நடப்பதை மட்டும் அந்த வருசம் தவிர்க்கட்டும். சித்திரை, வைகாசியில் வியர்வை க்ரீமைக் கண்ணுக்குள் இழுத்துவிடும். ஆடியிலும் முகூர்த்தம் இல்லை என்றாலும் அந்தக் காற்றின் புழுதி புண்ணில் அப்பும்.

கெட்டுப்போவது எங்கே? எட்டாம் நாள் எரிச்சலுக்குப் பயந்து மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கூட்டுக் களிம்புதான் முதல் குற்றவாளி. குளோபிட்டாசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு அதில் இருக்கும். சிவப்பு அடங்கிவிடும், எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பது தெரியாமல் போகும். சில டாக்டர்கள் முழுக்கெடு முடிந்த பிறகு மென்மையான ஸ்டீராய்டு சில நாள் தருவார்கள், அது வேறு. அடுத்தது, தடித்துச் செதில் கட்டிய இடத்தின் மேல் அப்படியே பூசுவது. மருந்து உள்ளே இறங்காது. அந்தச் செதிலை முதலில் இளக்க டாக்டரிடம் யூரியா க்ரீமோ சாலிசிலிக் களிம்போ கேளுங்கள். மூட்டு வலிக்கு வைத்திருக்கும் டைக்ளோஃபெனாக் ஜெல்லை மாற்றாகப் பூசுவதும் வீண். வெயில் தடிப்புக்கு ஆய்வு செய்தது ஹையலுரோனிக் அமிலத்தில் கலந்த 3 சதவீத ஜெல், வலி ஜெல் வேறு சரக்கு.

கர்ப்பிணிகள், கர்ப்பத்துக்குத் தயாராகிறவர்கள், பால் கொடுக்கும் தாய்மார்கள் இதைப் போடவே கூடாது. இந்த மருந்தை உடம்பில் சிதைக்கும் டிபிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்களும் அப்படியே. போடத் தொடங்கிய பிறகு வாய்ப்புண், ரத்தத்தோடு வயிற்றுப்போக்கு, காய்ச்சல், குளிர் வந்தால் நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சீழும் வலியும் கூடி, கண் வீங்கினாலும் காத்திருக்க வேண்டாம்.

தோட்டத்துச் சாளையில் இருப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த க்ரீமைக் கொஞ்சம் நக்கினாலே நாயும் பூனையும் செத்துவிடலாம், டியூபைக் கடித்த நாய்கள் இறந்திருக்கின்றன. கைக்குப் போடுகிறவர்கள் கட்டுத்தறி வேலையைச் சில வாரம் வேறொருவரிடம் விடுங்கள். கன்று கையை நக்காமல் இருக்காது. பேரக்குழந்தையைக் கன்னத்தோடு ஒட்டிக் கொஞ்சுவதையும் நிறுத்திவையுங்கள்.

இமிக்விமோட் பாக்கெட்டுகள் மாற்று மருந்து. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் மட்டும் போடுவது, கெடு நீளம், சிலருக்குக் காய்ச்சல் போல உடம்பு வலி வரும். ஒன்றிரண்டு தடிப்புதான் என்றால் திரவ நைட்ரஜனில் உறைய வைப்பது சீக்கிரம் முடியும். ஆனால் நம் தோலில் அது வெள்ளைத் தழும்பு விடலாம். பரவலாக இருந்தால் ஃப்ளூரோயுராசில்தான் எங்கள் முதல் தேர்வு.

ஆறிய பிறகு வெயில் காப்பு கட்டாயம். உருமாலை தலையை மறைக்கும், காதையும் மூக்கையும் மறைக்காது. நனைத்த துண்டு குளிர்ச்சி, ஆனால் ஈரப் பருத்தியில் கதிர் இன்னும் எளிதாக ஊடுருவும். அகல விளிம்புத் தொப்பியும், எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் முகத்துக்கு இரண்டு விரல் நீளமும் இரண்டு மணிக்கொருமுறையும் போட்டால்தான் பலன் நிற்கும்.

நிறுத்தி எட்டு வாரம் கழித்து, நல்ல வெளிச்சத்தில் விரலால் ஒருமுறை முழுக்கத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு எங்காவது மிச்சம் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், நீங்களாக இரண்டாவது டியூப் வாங்க வேண்டாம். மீந்த க்ரீமை 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்பதால் கார் டேஷ்போர்டும் ஜன்னல் திட்டும் ஆகாது. திறந்து மூன்று மாதம் ஆனால் மூடியை இறுக்கி, இரண்டு பாலிதீன் பையில் கட்டி, நாய் எட்டாத மூடிபோட்ட குப்பைத்தொட்டியில் போடுங்கள். தோட்டத்துக் குப்பைமேட்டில் வீச வேண்டாம்.