மாப்பிள்ளைக்கு வாங்கிய ஷூ மேடையிலேயே உதிர்ந்தது: தி.நகரில் கோட், ஷூ எடுக்கப் போகிறவர்கள் படியுங்கள்

வரும் தை, மாசி முகூர்த்தங்களுக்குத் துணி எடுக்கப் பலர் இப்போதே தி.நகர் பக்கம் கிளம்பியிருப்பீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் பக்கம் வரவேற்புக்கு மாப்பிள்ளையின் கோட் சூட், ஷூ எல்லாம் பெண் வீட்டுச் செலவு. என் தங்கை கல்யாணம் 2025 தை மாதம் நடந்தது. அப்பாவுக்கு முட்டி வலி, அலைய முடியாது. அண்ணன்காரன் நான்தான் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். தி.நகர் எனக்குப் புதிதில்லை. காலேஜ் நாளிலேயே மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நீந்தித்தான் முதல் ஜீன்ஸ் எடுத்தேன். 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்த பிறகு வாரக் கடைசியில் நாங்கள் நாலு பேர் கூடுகிற இடமே அதுதான். கூலிங் கிளாஸ், பெல்ட், வாட்ச் என்றால் பாரிமுனை பர்மா பஜார். அங்கே விற்கிறவருக்கும் அது காப்பி என்று தெரியும், வாங்குகிற எனக்கும் தெரியும். முந்நூறு சொல்வார், நூற்றைம்பதில் முடியும். அந்த வாட்ச் மூன்றே மாதத்தில் நின்றாலும் ஏமாந்தோம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை, ஏனென்றால் அங்கே யாரும் பொய் சொல்லவில்லை.

கல்யாணம் ஆயிற்றே, இந்த முறை நல்ல கடைக்குப் போகலாம் என்று நினைத்தேன். பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு குறுக்குத் தெருவில், முதல் மாடியில், ஆண்களுக்கு மட்டுமான ஒரு ஷோரூம். பெயரை இப்போது எழுத முடியாது, வழக்கு நடக்கிறது. ஏசி, உட்காரப் பெரிய சோபா, உட்கார்ந்ததும் காபி, தோளுக்கு மேல் டேப்பைப் போட்டுக்கொண்டு மாஸ்டர் வந்து நிற்பார். நண்பன் ஒருவன் அவர்களுடைய வீடியோக்களைப் பார்த்துவிட்டுச் சொன்ன இடம். கோட் சூட் தைக்க 18,500 ரூபாய். கை அரை இஞ்ச் குட்டையாக வந்தது, சொன்னதும் சரிசெய்து கொடுத்தார்கள். அதில் எனக்கு மனக்குறை இல்லை.

ஷூவில்தான் எல்லாம் நடந்தது.

கோட்டுக்கு மேட்ச்சாக அவர்களிடமே ஒரு ஜோடி கறுப்பு ஷூ இருந்தது. பெட்டியில் எம்.ஆர்.பி. 7,999. "உங்களுக்கு 5,400 சார். ஆம்பூர் எக்ஸ்போர்ட் பீஸ், ப்யூர் லெதர். வெளிநாட்டுக்குப் போற சரக்கு, இங்க கிடைக்காது" என்றார் மேனேஜர். அன்றைக்கு வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்துவிட்டு வாட்ஸ்அப்பில், "ப்யூர் லெதர்தானே?" என்று கேட்டேன். "எஸ் சார், 100% ப்யூர் லெதர், ஆம்பூர் எக்ஸ்போர்ட்" என்று பதில் வந்தது. மறுநாள் போய் வாங்கினேன். அந்த ஒரு வரி பின்னால் எனக்கு எவ்வளவு உதவும் என்று அப்போது தெரியாது.

வரவேற்பு அன்று மேடை ஏறி முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. மாப்பிள்ளை என்னைக் கண்ணால் கூப்பிட்டார். பக்கத்தில் போனதும் மெதுவாக, "மச்சான், ஷூ என்னவோ ஆகுது. கீழ பாருங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார். குனிந்து பார்த்தேன். மெரூன் கார்ப்பெட்டில், அவர் நின்ற இடத்தைச் சுற்றிக் கறுப்புக் கறுப்பாகத் தூள். இடது கால் குதிகால் பாதி இல்லை. விரலால் தொட்டால் கேழ்வரகுப் புட்டு மாதிரி உதிர்ந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை, ஒரு படி கூடுதலாக ஏறவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தார்.

என் ஷூ ஒன்பது, அவருக்கு எட்டு. மாற்றிப் போடலாம் என்றேன். போட்டோகிராபரும் வரிசையில் நின்ற உறவுக்காரர்களும் பார்க்கிறார்கள் என்று வேண்டாமென்றுவிட்டார். இரண்டரை மணி நேரம் ஒரே இடத்தில், இடது குதிகாலைத் தூக்கியபடி சிரித்த முகமாக நின்றார். இறங்கும்போது வலது காலிலும் அடி பெயர்ந்து தொங்கியது. அவருடைய பெரியம்மா பார்த்துவிட்டு, "பொண்ணு வீட்ல எடுத்த ஷூவா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். என் அப்பா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சித்தப்பா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் 27 வருஷம் கட்டிங் செக்ஷனில் வேலை பார்த்தவர். மறுநாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்து அந்த ஷூவைக் கையில் வாங்கினார். நாக்குப் பகுதியை வெளியே இழுத்து அதன் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். மேலே மெல்லிய ஒரு தோல் மாதிரி உரிந்து வந்தது, அடியில் நெய்த துணி. "இன்னாடா இது, ரெக்ஸின். தோலா இருந்தா வெட்டின ஓரத்துல நார் நாரா தெரியும்" என்றார். அப்புறம் உள்ளே ஒட்டியிருந்த சின்ன லேபிளைக் காட்டினார். ஐரோப்பாவுக்குப் போகிற ஷூக்களில், மேல்பாகம், உள்பாகம், அடிப்பாகம் எதனால் ஆனவை என்று படம் போட்டிருக்கும். விரித்த மாட்டுத்தோல் வடிவம் இருந்தால் தோல். தோல் வடிவத்துக்குள் ஒரு டைமண்ட் இருந்தால் மேலே பூச்சு ஏற்றிய தோல். வலை மாதிரிக் கட்டம் என்றால் துணி. வெறும் டைமண்ட் என்றால் வேறு செயற்கைப் பொருள். எங்கள் ஷூவில் மேல்பாகத்துக்கு நேராக இருந்தது வெறும் டைமண்ட். தோல் இல்லை என்று அந்த ஷூவே சொல்லியிருக்கிறது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

அடி ஏன் உதிர்ந்தது என்றும் அவர்தான் சொன்னார். "இது பி.யூ. சோல். ஈரக்காத்துலயே செத்துடும். போடாம பெட்டியிலயே வச்சிருந்தாலும் சாகும்." பி.யூ. என்றால் பாலியூரித்தேன். காற்றில் இருக்கிற ஈரம் அதன் பிணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். வெளியே பார்த்தால் புத்தம் புதிதாக இருக்கும், உடம்பு எடை ஏறியதும் நொறுங்கும். நம் சென்னை மாதிரிக் கடலோர ஊரில், குடோனில் வருஷக்கணக்கில் கிடந்த சரக்கு என்றால் கேட்கவே வேண்டாம். ரப்பர் சோல், டி.பி.ஆர். (ரப்பர் மாதிரி வளைகிற ஒரு செயற்கைப் பொருள்) சோல் இப்படித் தூளாகாது.

அப்படியென்றால் இது பழைய ஸ்டாக். பெட்டியை எடுத்து வந்தேன். தயாரிப்பு மாதம் 11/2024 என்று ஸ்டிக்கர். அதன் மூலை தடிப்பாக இருந்தது. ஹேர் டிரையர் காற்றைக் காட்டி மெதுவாக உரித்தேன். கீழே இன்னொரு ஸ்டிக்கர்: 03/2018, எம்.ஆர்.பி. 3,499. கிட்டத்தட்ட ஏழு வருஷப் பழசு. விலையை ஏற்றி, தேதியை மாற்றி, அதற்கு மேல் "உங்களுக்காக" 2,599 ரூபாய் தள்ளுபடி.

கடைக்குப் போனேன். அன்றைக்குக் காபி கொடுத்த பையன் தலையைத் தூக்கவில்லை. மேனேஜர் முதலில், "மண்டபத்துல தண்ணி பட்டிருக்கும்" என்றார். ஸ்டிக்கரைக் காட்டியதும், "அது கம்பெனி ஒட்டினது, எங்களுக்குத் தெரியாது" என்றார். பில்லைத் திருப்பி, "விற்ற பொருள் திரும்பப் பெறவோ மாற்றவோ இயலாது" என்ற வரியில் விரலை வைத்தார். கடைசியாக, "பில்லுல லெதர்னு எங்க சார் போட்டிருக்கு?" என்றார். உண்மைதான், பில்லில் "பார்மல் ஷூ - 1" என்று மட்டும்தான் இருந்தது. வேண்டுமானால் 2,000 ரூபாய்க்கு கிரெடிட் நோட் தருகிறேன், வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். பணம் 5,400 போனது பெரிதில்லை. அந்தப் பெரியம்மா கேட்ட கேள்விக்கு 2,000 ரூபாய்க்குச் சட்டை எடுத்துப் பதில் சொல்ல முடியுமா?

அதற்கப்புறம் நான் தெரிந்துகொண்ட சில விஷயங்கள் உங்களுக்குப் பயன்படும். பில்லில் "திரும்பப் பெற இயலாது" என்று அச்சடித்துவிட்டால் நம் வாய் அடைபட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படியில்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதை முறையற்ற வணிகம் என்று சொல்கிறது. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் முப்பது நாளைக் கணக்காக எடுத்துக்கொள்கிறது. பில் தராமல் இருப்பதும் முறையற்ற வணிகம்தான். ஸ்டிக்கர் விஷயம் தனி. பெட்டியில் அடைத்து விற்கும் பொருளில் இருக்கிற விவரத்தை மாற்ற மேலே ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. விலையைக் குறைக்க மட்டும் ஒட்டலாம், அப்போதும் பழைய விலை மறையக் கூடாது. நம் மாநிலத்தில் இதைத் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவு பார்க்கிறது. அங்கேயும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

முதலில் 1915க்கு போன் செய்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். புகாரைப் பதிந்துகொண்டார்கள், கடைக்காரர் அசையவில்லை. பிறகு பதினைந்து நாள் கெடு கொடுத்து ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்பினேன். பதிலே இல்லை. அதன்பின் நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டேன். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, நடந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். பில், ரெண்டு ஸ்டிக்கரின் போட்டோ, உதிர்ந்த ஷூ, அந்த வாட்ஸ்அப் வரி, எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். ஒரு வாய்தா முடிந்தது. அவர்கள் தரப்பு வக்கீல் வந்து அவகாசம் கேட்டிருக்கிறார்.

கடைக்குப் போகும்போது இதை மட்டும் செய்யுங்கள். தோல் என்று சொன்னால், பில்லில் "லெதர்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். பெட்டியின் ஸ்டிக்கர் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள், ஒன்றின் மேல் ஒன்று இருந்தால் தடிப்பு தட்டும். நாக்குப் பகுதியின் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள், துணி தெரிகிறதா, நார் தெரிகிறதா என்று. ஷூவை முன்பக்கம் நன்றாக வளைத்து, சோலைக் கட்டை விரலால் அழுத்துங்கள். பழைய பி.யூ. என்றால் சில சமயம் அங்கேயே கீறல் விடும். முக்கியமாக, விசேஷ நாளன்று முதல்முறையாகப் போடாதீர்கள். ஒரு வாரம் முன்னால் வீட்டுக்குள் ஒரு மணி நேரம் போட்டு நடந்து பார்த்திருந்தால் எங்களுக்கு இந்த அவமானமே வந்திருக்காது.

மாசி மாதம் சித்தப்பாவை அழைத்துக்கொண்டு பெரியமேடு போனேன். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில், தோல் வியாபாரத்துக்கென்றே உள்ள இடம். காபி இல்லை, சோபா இல்லை. கடைக்காரர் ஒரு துண்டுத் தோலை எடுத்து இரண்டு பக்கமும் காட்டிவிட்டுத்தான் ஷூவை எடுத்தார். 3,200 ரூபாய், பில்லில் "லெதர்" என்று எழுதியே கொடுத்தார். மாப்பிள்ளை இப்போது அதைத்தான் ஆபீசுக்குப் போட்டுப் போகிறார்.

நான் அனுப்பிய நோட்டீஸின் நகலும், மனுவில் என்னென்ன இணைக்க வேண்டும் என்ற குறிப்பும் என்னிடம் இருக்கின்றன. இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன். அடுத்த வாய்தாவில் என்ன நடந்தது என்பதையும் இங்கேயே எழுதுகிறேன்.