தூசி அலர்ஜி: மாத்திரையில் தொடங்கி ஸ்பிரேயில் நின்ற கதை

எனக்கு இருப்பது வீட்டுத் தூசி அலர்ஜி. காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கொழுகல், கண்ணில் அரிப்பு, ராத்திரியானால் மூக்கடைப்பு. கேட்பவர்கள் எல்லோரும் இதற்கு 'சைனஸ்' என்று பெயர் வைத்துவிடுவார்கள். சென்னையில் பல வருடங்களாக இதோடு குடித்தனம் நடத்துகிறேன். கையில் எடுத்த மருந்துகளில் கடைசிவரை நிலைத்தது மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேதான், மாத்திரை இல்லை.

எல்லோரையும் போல முதலில் செட்ரிசின். விலை குறைவு, ஒரு மணி நேரத்தில் தும்மல் அடங்கும். ஆனால் இரவு போட்டால்கூட மறுநாள் காலை ஆபீஸில் கண் சொருகும். லெவோசெட்ரிசினும் எனக்கு ஏறக்குறைய அப்படியே. தூக்கம் தராமல் வேலை செய்தது ஃபெக்சோஃபெனாடின். வண்டி ஓட்டுபவர்கள் டாக்டரிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம். ஒரே விஷயம், ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு விழுங்கினால் மருந்து உடலில் சேர்வது குறையும். வெறும் தண்ணீர்தான் சரி. செட்ரிசினை மாதக்கணக்கில் தினமும் போட்டுத் திடீரென்று நிறுத்தும் சிலருக்குக் கடுமையான அரிப்பு வருவதாக அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025-ல் எச்சரித்தது. 'சாதாரண மாத்திரைதானே' என்று வருடம் முழுக்கத் தானாகவே வாங்கிப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த மாத்திரைகள் எதுவுமே என் மூக்கடைப்பைப் பெரிதாகத் தொடவில்லை. இவை தடுப்பது அலர்ஜியின்போது உடல் வெளிவிடும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தை. அரிப்பு, தும்மல், ஒழுகலுக்கு அது போதும். அடைப்பு வருவது மூக்கின் உள்சவ்வு அழற்சியால் வீங்குவதால். அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

நம் ஊரில் அடுத்ததாக எழுதித் தருவது பெரும்பாலும் அலர்ஜி மாத்திரையோடு மான்டெலுகாஸ்ட் என்ற இன்னொரு மருந்தும் சேர்ந்த கூட்டு மாத்திரை. கொஞ்சம் பலன் இருந்தது. ஆனால் கெட்ட கனவுகளும் வர ஆரம்பித்தன. மாத்திரையால்தானா என்று சத்தியம் செய்ய முடியாது. டாக்டரிடம் சொன்னேன், நிறுத்தச் சொல்லிவிட்டார். மனநிலை மாற்றம், தற்கொலை எண்ணம் போன்றவை வரலாம் என்று 2020-ல் மான்டெலுகாஸ்டுக்குக் கட்டம் கட்டிய கடும் எச்சரிக்கையே போட்டிருக்கிறது எஃப்.டி.ஏ. மற்றவை பலிக்காதபோது மட்டும் இதற்குப் போவது நல்லது என்பது என் எண்ணம்.

ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் சொட்டுகள் நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். அந்தச் சுகம்தான் ஆபத்து. நாலைந்து நாளைத் தாண்டினால் சொட்டு இல்லாமல் மூக்கு திறக்காது என்ற நிலை வந்துவிடும். ஜலதோஷத்துக்குச் சரி, அலர்ஜிக்கு வேண்டாம்.

சரி, ஸ்பிரேக்கு வருவோம். ஃப்ளுட்டிகாசோன், மொமெட்டாசோன் இரண்டும் பயன்படுத்தியிருக்கிறேன். பலனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஃப்ளுட்டிகாசோன் புரோப்பியோனேட்டில் ஒரு ரோஜா வாசனை வரும், பிடிக்காதவர்களுக்கு மொமெட்டாசோன். அடித்த உடனே ஒன்றும் நடக்காது. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதற்குள் பொறுமையிழந்து பாட்டிலை மூலையில் போட்டுவிட்டு 'ஸ்பிரே வேலை செய்யல' என்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அடிக்கும் விதமும் முக்கியம்: பாட்டிலைக் குலுக்கி, தலையை லேசாகக் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும், நடுத்தண்டை (இரு துளைகளையும் பிரிக்கும் சுவர்) பார்த்து அடிக்காமல் வெளிப்பக்கமாக. பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். நடுத்தண்டில் படும்போதுதான் ரத்தக்கசிவு அதிகம் வருகிறது. எனக்கும் ஓரிரு முறை வந்தது, கை மாற்றிப் பிடித்ததும் நின்றது. 'ஸ்டீராய்டா?' என்று வீட்டில் பயந்தார்கள். இந்த ஸ்பிரேக்களில் ரத்தத்துக்குப் போகும் அளவு மிகச் சொற்பம். குழந்தைகள், கண் அழுத்த நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டர் கண்காணிப்பில் போட வேண்டும்.

ஸ்பிரேக்கு முன் உப்பு நீரால் மூக்கைக் கழுவினால் மருந்து நன்றாகப் படிகிறது. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தே பயன்படுத்துகிறேன். மூக்கு வழியாக மூளைக்குப் போகும் அமீபா கேரளத்தில் உயிர்களைப் பறித்ததைப் படித்தவர்கள் குழாய்த் தண்ணீரைத் தொட மாட்டார்கள். நொச்சி ஆவி இதமாக இருக்கும், அரைமணி நேரத்துக்கு.

மெத்தையில் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள்தான் மூல காரணம் என்பதால் தலையணை உறை, விரிப்புகளை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறோம். ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வையுங்கள் என்பதும் அறிவுரைதான். சென்னையில் ஏசி இல்லாமல் அது நடக்கிற காரியமா?

அப்புறம், தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை. அதற்கு ஒரு வாரம் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். இல்லையென்றால் முடிவு தப்பாக வரும். தூசிப்பூச்சிக்குத் தடிப்பு வந்ததால் நாக்கடியில் விடும் சொட்டு மருந்து தொடங்கினார்கள். அலர்ஜி தரும் பொருளையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து உடலைப் பழக்குவது இது; 1911-ல் லண்டனில் லெனார்ட் நூன் என்ற மருத்துவர் புல் மகரந்தத்தை ஊசியாகப் போட்டுப் பார்த்த அதே வழிமுறை. ஊசியென்றால் போட்டபின் அரைமணி நேரம் கிளினிக்கில் உட்கார வேண்டும். சொட்டை வீட்டிலேயே விடலாம், ஆரம்பத்தில் வாய் மட்டும் அரிக்கும். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களுக்குத் தர மாட்டார்கள். முதல் வருடம் பணம் வீண் என்றே தோன்றியது. இப்போது ஸ்பிரேயின் அளவைப் பாதியாகக் குறைத்திருக்கிறார் டாக்டர். குறைந்தது 3 வருடம், முடிந்தால் 5 வரை என்கிறார். 3 வரை விடுவது உறுதி. அதற்கு மேல் பாட்டிலின் விலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.