அட்டனிலிருந்து பேராதனைக்கு: அக்கா மகனோடு கிளினிக்குக்கு

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு மனப்பதற்றமோ மனச்சோர்வோ சேர்ந்து வந்தால் இலங்கை மலையகத்தில் எங்கே காட்டுவது என்று, டொரன்டோவில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் என்னிடம் கேட்பதுண்டு. இந்த முறை அட்டன் பக்கம் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது பார்த்ததை எழுதுகிறேன். அக்காவிடமும் அவள் மகனிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

அவனுக்கு 19 வயது. ஆட்டிசம் என்பது சின்ன வயதிலேயே தெரியும். பஸ் நேரங்கள் அத்தனையும் மனப்பாடம். கேட்டால் முகம் மலர்ந்து சொல்லுவான். ஆனால் கொஞ்ச காலமாக லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பொதுக் குழாயடியில் நின்று கை கழுவிக்கொண்டே இருக்கிறான். விடியற்காலைக் குளிரில், ஐஸ் மாதிரித் தண்ணீரில். விரல் மூட்டெல்லாம் வெடித்து ரத்தம் கசிகிறது. நிறுத்தச் சொன்னால் அழுகிறான். "ஆட்டிசம் உள்ள பிள்ளைங்க இப்படித்தான்" என்று சொல்லி, ஓர் இடத்தில் அடக்குவதற்கு ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அது ரிஸ்பெரிடோன். பகலெல்லாம் தூங்கினான், பசி கூடியது, உடம்பு போட்டது. கை கழுவுவது மட்டும் நிற்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். நீண்ட நேரம் கழித்துத்தான் சொன்னான்: "நான் கழுவாட்டி அம்மா மலையில வழுக்கி விழுந்துரும், சின்னம்மா."

பஸ் நேரம் சொல்வது அவனுக்குச் சந்தோஷம். கை கழுவுவது பயம். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரித் தெரியும், உள்ளே நடப்பது வேறு. முதலாவதை விட்டுவிடலாம், அது அவன் இயல்பு. இரண்டாவது ஓசிடி, அதாவது பயத்தால் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய். அதற்கு வைத்தியம் உண்டு. 2019இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வின்படி, ஆட்டிசம் உள்ளவர்களில் சுமார் 20 சதவீதம் பேருக்குப் பதற்ற நோயும், 11 சதவீதம் பேருக்கு மனச்சோர்வும், 9 சதவீதம் பேருக்கு ஓசிடியும் சேர்ந்து இருக்கின்றன. அப்படியிருந்தும் எல்லாவற்றையும் ஆட்டிசத்தின் கணக்கில் எழுதிவிடுவது பல நாடுகளிலும் நடக்கிறது. ஆட்டிசமும் ஏடிஎச்டியும் (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும்) ஒரே ஆளுக்கு இருப்பதாக எழுதவே, அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013 வரை இடம் கொடுக்கவில்லை.

பேராதனை போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு போனோம். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து போகிற பாதை. தனியார் பஸ்ஸில் பாட்டுச் சத்தம் அவனுக்கு ஆகாது என்பதால் அரசாங்கத்து இ.போ.ச. பஸ்ஸுக்கே காத்திருந்தோம். காதை மூட இரைச்சல் தடுக்கும் ஹெட்போன் ஒன்று கொண்டுவந்திருந்தேன். ஊருக்கு வருகிறவர்கள் சொக்லேட் பெட்டியைக் குறைத்துக்கொண்டு இதில் ஒன்று வாங்கி வாருங்கள். அடுத்தடுத்த காம்பராக்களில் (வீட்டு அறைகளில்) டிவி அலறுகிற லயத்தில், கோவில் திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுகிற நாளில், அதன் அருமை தெரியும்.

கிளினிக்கில் கூட்டம் அதிகம். நம்பர் எடுத்துவிட்டு வெளியே மரத்தடியில் நிற்க விடுவீர்களா என்று கேட்டோம், நர்ஸ் மிஸ் மறுக்கவில்லை. வைத்தியர் சிங்களவர். ஓரளவு தமிழ் பேசினார். அக்காவின் தமிழ் அவருக்கும், அவருடைய தமிழ் அக்காவுக்கும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. எப்போது தொடங்கியது, கழுவாவிட்டால் என்ன ஆகும் என்று அவன் சொல்கிறான், தூக்கம் எப்படி என்பதையெல்லாம் ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அதை வாசித்த பிறகுதான் பேச்சு திரும்பியது. அவனைப் பார்த்தே நேராகக் கேள்வி கேட்டார், பதில் வரும்வரை பொறுத்திருந்தார். ஆட்டிசத்துக்கென்று மாத்திரை கிடையாது, ஓசிடிக்கு ஃபுளுவொக்செட்டீன் குறைந்த அளவில் தொடங்கலாம், பலன் தெரிய வாரக்கணக்காகும், பழைய மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது, அவர் சொல்கிறபடி குறைக்க வேண்டும் என்று விளக்கினார். கழுவாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுத்துப் பழகும் பயிற்சியும் வேண்டுமாம். அதைத் தமிழில் செய்ய ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். பேச்சுப் பயிற்சிக்கும் இதே கதைதான்.

வைத்தியத்துக்குக் காசு வாங்குவதில்லை, மருந்தும் இலவசம். இதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. ஆனால் அக்கா சொன்னது வேறு கணக்கு: "கிளினிக்குன்னா அன்னிக்குப் பேர் போச்சு. பஸ் காசு ரெண்டு பேருக்கு. மாசா மாசம்னா எப்படி?" கொழுந்து எடுத்து, அன்றைய வேலைப் பதிவில் பேர் விழுந்தால்தான் அந்த நாள் சம்பளம். மாத்திரையை நடுவில் விட்டுவிடுகிற குடும்பங்களை அக்கறை இல்லாதவர்கள் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து உதவ நினைப்பவர்கள் கிளினிக் நாளுக்கான பேர்க்காசையும் பஸ் காசையும் அனுப்பினாலே போதும், வைத்தியம் தொடரும்.

மந்திரிக்கிறவரிடமும் அக்கா போயிருக்கிறாள், மகன் கையில் நூல் கட்டியிருக்கிறது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. வைத்தியரும் நூலைக் கழற்றச் சொல்லவில்லை. மருந்து தொடர்ந்தால் போதும்.

இரவில் நிலைமை மோசமானால் அழைக்க, அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தை அக்காவின் போனில் போட்டுக் கொடுத்தேன். மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவைப் பற்றிக் கிராம சேவகரிடம் கேட்டு, பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் கொடுத்தோம்.

எனக்குப் பெரிய கவலை வயதுதான். ஒன்டாரியோவின் ஆட்டிசம் திட்டமும் 18 வயதோடு நின்றுவிடுகிறது, அதற்குள் வருவதற்கே வருடக்கணக்கில் வரிசை. இங்கே பள்ளிக்கூடத்து விசேட கல்வி அலகு வரைக்கும் ஏதோ ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு அவன் வீட்டில்தான் இருக்கிறான். வேலை இல்லாத நாளில் பயம் கூடுகிறது என்று அவனே சொல்கிறான். தேயிலை நர்சரியில் பைக்கு மண் நிரப்பும் வேலை சத்தமில்லாதது, ஒரே மாதிரியானது, அவனுக்குப் பிடிக்கும். தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளையிடம் பேசினோம். தொரையிடம் (தோட்ட மேலாளரிடம்) கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். நான் கிளம்பும்வரை பதில் வரவில்லை, அக்கா மறுபடியும் போய்க் கேட்பதாகச் சொன்னாள்.