வெள்ளை வண்ணமா, விளக்கா, உடைத்த சுவரா? சிறிய, இருண்ட சமையலறைக்கு எது பலன் தரும்

சமையலறை இருட்டாக இருப்பது ஒரு குறை; சிறியதாக இருப்பது வேறொரு குறை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு வேலையைத் தொடங்குவதால்தான் பலருடைய பணம் சுவரில் பூசப்பட்டும் அறை பழையபடியே கிடக்கிறது. எந்த மாற்றத்துக்கும் விலை கேட்பதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்து பாருங்கள். நண்பகலில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, மருந்துப் பெட்டியில் உள்ள பொடி எழுத்தைச் சமையல் மேடையில் வைத்துப் படிக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் பகல் வெளிச்சம் போதவில்லை. இரவில் விளக்கைப் போட்டு, காய் நறுக்கும் இடத்தில் நின்றால் உங்கள் நிழல் எங்கே விழுகிறது? நறுக்கும் பலகையின் மேல் விழுந்தால் விளக்கு தவறான இடத்தில் இருக்கிறது. இரண்டிலும் அறை தேறிவிட்டது, ஆனாலும் மூச்சு முட்டுகிறது என்றால், குறை வெளிச்சத்தில் இல்லை. அலமாரிகளிலும் மேடைமேல் குவிந்த பொருள்களிலும் இருக்கிறது.

இனி, ஒன்றோடொன்று போட்டி போடும் யோசனைகளை எதிரெதிரே நிறுத்திப் பார்க்கலாம்.

வெள்ளைச் சுவரா, கூடுதல் விளக்கா?

"இருட்டா? வெள்ளை அடித்துவிடுங்கள்" என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. நல்ல வெள்ளை வண்ணம் தன்மேல் படும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். நடுத்தரமான பச்சையோ பழுப்போ 30, 40 சதவீதத்தோடு நின்றுவிடும். ஒரு முறை பட்டுத் திரும்பும்போது வித்தியாசம் ஏறக்குறைய இரு மடங்குதான். ஆனால் ஒளி ஒரு சுவரோடு நிற்பதில்லை. எதிர்ச் சுவருக்குப் போய் மறுபடி திரும்புகிறது. 80 சதவீதச் சுவரில் இரண்டு முறை பட்ட ஒளியில் 64 சதவீதம் மிஞ்சும். 40 சதவீதச் சுவரிலோ 16 சதவீதம்தான் மிஞ்சும். சுவர்கள் நெருங்கி நிற்கும் சிறிய அறையில் இந்த நான்கு மடங்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

மற்றப் பாதியைத்தான் யாரும் சொல்வதில்லை. வண்ணம், ஏற்கெனவே இருக்கும் ஒளியைப் பெருக்கும். இல்லாத ஒளியை உண்டாக்காது. ஒளியே எட்டாத மூலையில் வெள்ளைச் சுவர் அழுக்குச் சாம்பலாகத்தான் தெரியும். அங்கே இளமஞ்சள்கூட அதைவிட நன்றாக இருக்கும். தவிர, சமையலறையில் வண்ணம் அடிக்கச் சுவர் எங்கே இருக்கிறது? கீழே அலமாரிக் கதவுகள், நடுவில் டைல்ஸ், மேலே மறுபடி அலமாரிக் கதவுகள். அரை மீட்டர் சுவரை வெண்மையாக்கிவிட்டு, சுற்றிலும் கரும்பழுப்புக் கதவுகளை அப்படியே விட்டால் பலன் மிகக் குறைவு. வண்ணத்துக்குச் செலவு செய்வதென்றால் முதலில் உட்கூரை, அடுத்து மேல் அலமாரிக் கதவுகள், கடைசியில் சுவர் என்ற வரிசையே சரி. பணியிட ஒளியமைப்புக்கான ஐரோப்பியத் தரமான ஈ.என். 12464-1, அதன் 2011ஆம் ஆண்டுப் பதிப்பில், உட்கூரைக்கு 70 முதல் 90 சதவீதம், சுவருக்கு 50 முதல் 80, தரைக்கு 20 முதல் 40 சதவீதப் பிரதிபலிப்பைப் பரிந்துரைத்தது. உட்கூரைக்கே முதலிடம் என்பதைக் கவனியுங்கள். புகை படிந்து மஞ்சளான உட்கூரையை அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு.

நேர்வெயில் விழாத ஜன்னல் என்றால் உள்ளே வருவது பெரும்பாலும் வானத்தின் நீலம் கலந்த ஒளி. அங்கே தூய வெள்ளை குளிர்ந்து, நோய்பிடித்தாற்போலத் தெரியும். மஞ்சள் சற்றே கலந்த வெள்ளைதான் பொருந்தும்.

என் தீர்ப்பு: விளக்கு முதலில், வண்ணம் பிறகு. காரணம் எளியது. வேறோர் அறையிலிருந்து மேசை விளக்கைக் கொண்டுவந்து வைத்தால் விளக்கின் பலனை ஒரே மாலையில் பார்த்துவிடலாம். வண்ணத்தை அடித்த பிறகுதான் பார்க்க முடியும்.

உட்கூரையில் ஒரு பெரிய விளக்கா, மேடைக்கு மேல் பட்டை விளக்கா?

சற்றுக் கணக்குப் போடலாம். பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த ஒளி ஏறக்குறைய 800 லுமென். இன்று 8 முதல் 10 வாட் எல்இடி அதைத் தருகிறது. இரண்டு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் நீளமும் கொண்ட சமையலறையின் பரப்பு 6 சதுர மீட்டர். அந்த 800 லுமெனும் சிந்தாமல் சிதறாமல் தரை முழுவதும் பரவினாலும் சதுர மீட்டருக்கு 133 லுமென், அதாவது 133 லக்ஸ்தான் கிடைக்கும். சுவரும் அலமாரியும் விழுங்கியது போக இன்னும் குறையும். மேலே சொன்ன அதே தரம், உணவகச் சமையற்கூடங்களுக்கு 500 லக்ஸ் கேட்கிறது. வீட்டுக்கு அவ்வளவு எங்கும் வேண்டாம். கத்தி ஓடும் இடத்தில் வேண்டும்.

சரி, மூன்று மடங்கு பெரிய விளக்கையே மாட்டிவிடலாமே? மாட்டலாம். அறை வெளிச்சமாகும், கண் கூசும். மேடையைப் பார்த்து நிற்கும்போது விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பதால், உங்கள் நிழல் முன்பைவிடக் கூர்மையாகப் பலகையில் விழும். மேல் அலமாரிகளின் அடியிலோ இருட்டு அப்படியே இருக்கும். அறை சிறியதாகத் தோன்றுவதற்கு அந்த இருண்ட பட்டையே பெரிய காரணம். எதிர்ச் சுவரின் அடியும் மூலையும் தெரியாவிட்டால், கண்ணுக்கு அறை அலமாரியின் முகப்போடு முடிந்துவிடுகிறது. உண்மையான சுவர் அதற்குப் பின்னால் இன்னும் 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது.

மேல் அலமாரியின் அடியில் ஒட்டும் எல்இடி பட்டை இந்த இரண்டையும் ஒரே அடியில் தீர்க்கிறது. மேடையிலிருந்து அரை மீட்டர் உயரம்தான் என்பதால் ஒளி வீணாவதில்லை. மீட்டருக்கு 450 லுமென் தரும் பட்டை, 60 சென்டிமீட்டர் அகல மேடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒளியைச் சேர்த்தாலே 500 லக்ஸ் வந்துவிடும். உட்கூரை விளக்கை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்தச் சிக்கனம் வராது.

பட்டையை எங்கே ஒட்டுவது என்பதிலும் ஒரு போட்டி உண்டு. அலமாரியின் முன் விளிம்புக்குள் ஒட்டினால் வேலைக்கு நல்ல ஒளி, கைநிழல் விழாது. பின்பக்கம், சுவரை ஒட்டி வைத்தால் சுவர் முழுவதும் ஒளிர்ந்து அறை ஆழமாகத் தெரியும். ஆனால் டைல்ஸின் ஒவ்வொரு மேடுபள்ளமும் எண்ணெய்த் துளியும் அம்பலமாகும். நான் முன் விளிம்பையே சொல்வேன், ஒளி சற்றுச் சுவர் பக்கம் சாய்ந்திருக்குமாறு. பட்டையை வெறுமனே ஒட்டாமல், பால்நிற மூடி போட்ட அலுமினியக் காடியில் பதியுங்கள். இல்லையென்றால் மெருகேற்றிய கருங்கல் மேடையில் ஒவ்வொரு புள்ளி விளக்கும் தனித்தனியாகப் பிரதிபலித்துக் கண்ணைக் குத்தும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கவும் அந்த மூடி உதவும்.

ஒளியின் நிறத்தில் 6500 கெல்வின் வெண்ணீல விளக்குதான் "அதிக வெளிச்சம்" என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வெளிச்சத்தின் அளவைச் சொல்வது லுமென். கெல்வின் நிறத்தை மட்டுமே சொல்கிறது. 2700 கெல்வின் இதமானது. ஆனால் சிறிய அறையில் வெள்ளைக் கதவுகளை மஞ்சளாக்கும். 6500இல் உணவு உயிரற்றுத் தெரியும். இருண்ட சமையலறைக்கு 4000ஐ ஒட்டியும், கூடத்தோடு திறந்திருக்கும் சமையலறைக்கு 3000ஐ ஒட்டியும் வைத்துக்கொள்ளலாம். எதைத் தேர்ந்தாலும் எல்லா விளக்கும் ஒரே நிறத்தில் இருக்கட்டும். மேலே நீலமும் கீழே மஞ்சளுமாக இருந்தால் அறை இரண்டு துண்டாகிவிடும். விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. என்ற எண், பெட்டியில் 90க்கு மேல் இருந்தால் காய்கறியின் நிறமும் இறைச்சி வெந்த பதமும் ஏமாற்றாமல் தெரியும்.

பளபளப்பா, பளபளப்பற்ற மேட் பூச்சா?

பளபளப்பான கதவு அறையைப் பிரகாசமாக்கும் என்பது விற்பவர்களுக்குப் பிடித்த வாசகம். ஒரே வெள்ளை நிறத்தில் பளபளப்பும் மேட்டும் திருப்பி அனுப்பும் மொத்த ஒளியில் பெரிய வேறுபாடு இல்லை. பளபளப்பு, மேற்பரப்பில் தெறிக்கும் ஒளியை ஒரே திசையில் அனுப்புகிறது. மேட் எல்லாத் திசையிலும் பரப்புகிறது. ஜன்னலுக்கு எதிரே இருக்கும் கதவு பளபளப்பாக இருந்தால் இன்னொரு ஜன்னல் போல மின்னும். அங்கே பலன் உண்டு. ஜன்னல் இல்லாத பக்கத்தில் அது விளக்கின் பிம்பத்தையும் விரல் ரேகைகளையும்தான் காட்டும். துடைக்க எளிது என்பது பளபளப்பின் உண்மையான வலிமை. அதற்காக வாங்குவதில் தவறில்லை. இரண்டுக்கும் நடுவிலுள்ள சாட்டின் பூச்சு பெரும்பாலான வீடுகளுக்குப் போதும்.

மேடைக்குப் பின்சுவரில் நிலைக்கண்ணாடி பதிப்பதா, பின்புறம் வண்ணம் பூசிய கண்ணாடி பதிப்பதா என்றால், தயங்காமல் இரண்டாவதைச் சொல்வேன். நிலைக்கண்ணாடி இடத்தை இரட்டிப்பாகக் காட்டுவது மெய்தான். ஆனால் மேடையில் கிடக்கும் குப்பையையும் சேர்த்து இரட்டிப்பாக்கும். அடுப்புக்குப் பின்னால் வரும் எந்தக் கண்ணாடியும் வெப்பத்தால் உறுதியூட்டப்பட்டதாக இருக்க வேண்டும். அப்படி உறுதியூட்டிய பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. ஆகவே மின்செருகிகளுக்கான ஓட்டைகளை முன்கூட்டியே அளந்து கொடுத்துவிட வேண்டும். சாதாரணக் கண்ணாடியில் இரும்புச் சத்தால் ஒரு பச்சைச் சாயல் உண்டு. தூய வெள்ளை வேண்டும் என்பவர்கள் இரும்பு குறைந்த கண்ணாடியைக் கேட்டு வாங்க வேண்டும்.

மேல் அலமாரியா, திறந்த தட்டுகளா?

இருட்டைவிட இடநெருக்கடி பெரிதாக இருப்பவர்களுக்கு முக்கியமான கேள்வி இதுதான். மேல் அலமாரியைக் கழற்றினால் கண்மட்டத்தில் 30, 35 சென்டிமீட்டர் அகலம் உடனே கூடுகிறது. இருபுறமும் அலமாரி உள்ள குறுகிய சமையலறையில் ஒரு பக்கம் கழற்றினாலே தோளை விரித்து நடக்கலாம். படங்களில் பார்க்கும் திறந்த தட்டுகளின் கவர்ச்சி இதிலிருந்துதான் வருகிறது. அந்தப் படங்களில் நான்கு வெள்ளைக் கிண்ணங்களும் ஒரு செடியும் இருக்கும். உண்மையான வீட்டில் நாற்பது டப்பாக்கள் இருக்கும். அத்தனையும் கண்ணில் படும், அத்தனையின் மேலும் எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து பிசினாகப் படியும். கழற்றிய அலமாரியில் இருந்தவை சமையல் மேடைக்கு இறங்கிவந்தால் கிடைத்த விசாலமும் போயிற்று.

அன்றாடம் எடுத்துக் கழுவும் தட்டும் குவளையும் மட்டும் திறந்த தட்டில் இருக்கலாம். அவற்றில் தூசி படிய நேரமில்லை. அடுப்புக்கு அருகில் வேண்டாம், ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வையுங்கள். ஜன்னலை ஒட்டி நிற்கும் ஆழமான அலமாரி பக்கவாட்டு வெளிச்சத்தை மறிக்கும் என்பதால், கழற்றத் தகுந்த முதல் அலமாரியும் அதுவே. மற்ற இடங்களில் கதவுள்ள அலமாரியை உட்கூரைவரை உயர்த்திவிடுவது மேல். அலமாரிக்கு மேலே விட்ட இடைவெளியில் மூட்டைகள் சேர்ந்து, உட்கூரை தாழ்ந்ததுபோல் ஆகிவிடுகிறது. கண்ணாடிக் கதவு நல்ல சமரசம் என்பார்கள். உள்ளே ஒழுங்காக அடுக்குபவர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்குப் பனிக்கண்ணாடி.

தரையும் மேடைக்கல்லும்

இங்கே அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. தரை வெளிர்நிறமாக இருந்தால் நல்லது. வெள்ளையாக இருக்க வேண்டியதில்லை. பெரிய டைல்ஸ், டைல்ஸின் நிறத்திலேயே இடுக்குப் பூச்சு இருந்தால் போதும். வெள்ளைக் குவார்ட்ஸ் மேடை கருங்கல்லைவிட அறையை மிகவும் வெளிச்சமாக்கும். ஆனால் அதில் பிசின் கலந்திருப்பதால் கொதிக்கும் பாத்திரத்தை நேரே இறக்கி வைக்கக் கூடாது. அந்தப் பழக்கத்தை விட முடியாதவர்கள் கருங்கல்லோடு பட்டை விளக்கு என்று இருந்துவிடலாம்.

பெரிய ஜன்னலா, கூரைத் திறப்பா?

கூரை உங்களுடையது என்றால், அதே பரப்பளவுக்குக் கூரைத் திறப்பே வெல்லும். முழுவதும் மேகம் மூடிய வானத்தின் உச்சி, அடிவானத்தைவிடச் சுமார் மூன்று மடங்கு பிரகாசமானது. ஜன்னல் அந்த உச்சியைப் பார்ப்பதில்லை. ஆனால் வெயில் கொளுத்தும் இடத்தில் கூரைத் திறப்பு வெப்பத்தையும் கொட்டும்; கசிவுக்கும் வழி. உள்ளே கண்ணாடிபோல் மெருகிட்ட ஒளிக்குழாய் சிறிய துளை வழியாகவே வெளிச்சத்தை இறக்கிவிடும் என்பதால், சமையலறைக்கு அதுவே பாதுகாப்பான தேர்வு. மேல்தளத்தில் வேறொருவர் குடியிருந்தால் இரண்டுமே இல்லை.

ஜன்னலைப் பெரிதாக்குவதென்றால் அகலத்தைவிட உயரம் பயன் தரும். ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் பகல் ஒளி உள்ளே எட்டும் என்பது கட்டடக் கலைஞர்களின் கைக்கணக்கு. அதனால் மேல்பாதியை மறைக்கும் திரை, பரண், புகைபோக்கி விசிறி ஆகியவையே பெரிய திருடர்கள். உடைப்பதற்கு முன், விசிறியை வேறு சுவருக்கு மாற்றி, பிசுக்கேறிய கொசுவலையைக் கழற்றிக் கழுவி, கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள். சுத்தமான கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் 90 சதவீதத்தை ஒட்டி உள்ளே விடும். பிசுக்கு அடைத்த வலை எவ்வளவு விடும் என்பதைக் கழுவிய அன்றே கண்டுகொள்வீர்கள்.

சுவரை இடிப்பதா, கண்ணாடித் தடுப்பா?

இடித்தால் அறை பெரிதாகும். இதில் வாதமே இல்லை. ஆனால் அது பாரம் தாங்கும் சுவரா என்பதைப் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும், தட்டிப்பார்த்துச் சொல்பவர் அல்ல. சுவரோடு அலமாரி மாட்டும் இடமும் போகும். வறுக்கும் வாடை படுக்கைவரை வரும். கூடத்தில் பேசுபவர்களுக்குப் பாத்திர ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். எரிவாயு அடுப்பு உள்ள சமையலறைக்கு மூடும் கதவு வேண்டும் என்று சில இடங்களின் கட்டட விதிகள் கட்டாயப்படுத்துவதும் உண்டு.

மேடை உயரம்வரை சுவரை விட்டு, அதற்கு மேல் மட்டும் உறுதியூட்டிய கண்ணாடி வைத்தால், கூடத்தின் வெளிச்சமும் பார்வையின் நீளமும் கிடைக்கும். வாடையும் ஓசையும் அப்பால் நிற்கும். மறுபக்க அறை வெளிச்சமாக இருந்தால்தான் இதற்குப் பொருள். இரண்டு இருட்டறைகளுக்கு நடுவில் கண்ணாடி வைத்து என்ன பயன்? அதைத் தெரிந்துகொள்ளச் சுத்தியல் வேண்டாம். சமையலறைக் கதவைச் சில நாள்களுக்குக் கழற்றி வைத்தாலே கூடத்திலிருந்து எவ்வளவு ஒளி வருகிறது, உள்பக்கமாகத் திறக்கும் கதவு எவ்வளவு தரையை அடைத்துக்கொண்டிருந்தது என்பது தெரிந்துவிடும். பலருக்கு அதோடு இடிக்கும் எண்ணம் போய், கண்ணாடி பதித்த நகரும் கதவு ஒன்றோடு வேலை முடிந்துவிடும்.