கீச்சன் குர்ஜா நாரைகள்: பலோதியில் இரவு தங்கினால்தான் முழுதாகக் கிடைக்கும்

ராஜஸ்தானில் ஜோத்பூர், கீச்சன், ஜெய்சல்மேர் என்று குடும்பத்தோடு காரில் போக 4 நாள் போதும். இந்தப் பயணத்தில் பலரும் கோட்டை விடுவது ஒரே இடத்தில்தான். ஜோத்பூரில் காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு கிளம்புகிறார்கள். நாரைகள் தீனிக்குக் கூடும் கீச்சன் கிராமம் அங்கிருந்து சுமார் 140 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். போய்ச் சேரும்போது நாரைகள் தீனியை முடித்துவிட்டுப் போயிருக்கும். முந்தின இரவே ஐந்து கிலோமீட்டர் தள்ளியுள்ள பலோதியில் தங்கிவிடுங்கள். ஜனவரியில் அங்கே விடிய 7.20-க்கு மேல் ஆகும் என்பதால், 7 மணிக்கு இடத்தைப் பிடித்தால் போதும்.

மங்கோலியா, கஜகஸ்தான் பக்கமிருந்து வரும் டெமாய்செல் நாரைகளுக்கு உள்ளூரில் குர்ஜா என்று பெயர். ஆகஸ்ட் கடைசியில் வரத் தொடங்கி மார்ச் வரை தங்கும். டிசம்பரும் ஜனவரியும் நல்ல மாதங்கள். வேலி போட்ட தீனி மைதானத்தை ‘சுக்கா கர்’ என்கிறார்கள். பறவைகள் வருமுன்பே ஊர்க்காரர்கள் அதில் சோளம் இறைத்துவிடுவார்கள். தலைமுறைகளாகக் கைவிடாமல் நடக்கும் இந்த உபசாரத்துக்காகவே ஒருமுறை போகலாம். 2025 ஜூனில் கீச்சன், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

நாரைகள் நேராக மைதானத்தில் இறங்காது. முதலில் ஊருக்கு வெளியே மணல்மேட்டில் கூடும். தலைக்கு மேல் சில சுற்று வட்டமிட்டு, ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகே கூட்டம் கூட்டமாக இறங்கும். ஒரு நாய் குரைத்தாலும் மொத்தமும் எழும்பிவிடும். எனவே பக்கத்து வீட்டு மாடியில் அனுமதி கேட்டு, மங்கலான நிற உடையில், உட்கார்ந்தபடி பாருங்கள். கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். 8x42 பைனாகுலர் இருந்தால் சிவந்த கண்ணும், அதன் பின்னே வழியும் வெள்ளை இறகுக் குஞ்சமும், மார்பில் தொங்கும் கரிய இறகும் துல்லியமாகத் தெரியும். தீனி முடிந்ததும் ஊர்க் குளக்கரைக்குப் போய்விடும். அங்கே அவசரமில்லாமல் பார்க்கலாம்.

ஜெய்சல்மேரில் கோட்டைக்கு அடுத்தபடி, பார்மர் சாலையில் 17 கிலோமீட்டரில் உள்ள ஆகல் புதைபடிவப் பூங்காவை விடாதீர்கள். ஜுராசிக் காலத்து மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. நிழல் கிடையாது, தண்ணீர் கையோடு இருக்கட்டும். சாம் மணல்மேடு மாலையில் ஜீப், பாட்டு என்று இரைச்சல். அமைதி வேண்டுமென்றால் குரி கிராமத்து மணல்மேட்டுப் பக்கம் போங்கள்.

சாதாரண காரைத் தார்ச்சாலை விட்டு மணலில் இறக்காதீர்கள். சிக்கிக்கொண்டால் ஆக்சிலேட்டரை மிதிப்பதை உடனே நிறுத்துங்கள், மிதிக்க மிதிக்கச் சக்கரம் ஆழப் புதையும். டயர் காற்றை 18–20 பிஎஸ்ஐ வரை இறக்கி, சக்கரத்தின் முன் மணலை வாரிவிட்டு, காருக்குள் விரித்திருக்கும் கால்மிதியைச் சக்கரத்தடியில் கொடுத்து மெதுவாக எடுங்கள். ஏறிய பின் காற்றடிக்க 12 வோல்ட் பம்பு ஒன்று டிக்கியில் இருக்கட்டும்.