கோவை மோட்டார் போர்டுகளுக்கு ஜிசிசி: ஓ2 போட்டால் எந்தச் சோதனை காணாமல் போகிறது?

கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் பேனலுக்கு கார்ட்டெக்ஸ்-எம் வகைச் சிறு சிப்பில் நிரல் எழுதுகிற பட்டறைகள் பலவற்றுக்கும் கம்பைலர் (சி நிரலைச் சிப்பின் கட்டளையாக மாற்றும் மென்பொருள்) ஜிசிசிதான். காசு கிடையாது, குறியீடு சின்னதாக வரும், வேகமும் உண்டு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாம் பாதுகாப்புக்கென்று எழுதுகிற ஒரு ‘இஃப்’ வரி பாதுகாப்புக்கானது என்று அதற்குத் தெரியாது. ஓ2 என்ற வேகமாக்கும் அமைப்பில் (ஓ0 என்றால் வேகமாக்கல் இல்லை) தேவையில்லை என்று கணக்குப் போட்டால் தூக்கிவிடும். தூக்கும்போதெல்லாம் எச்சரிக்கை வரும் என்றும் நம்ப முடியாது.

மோட்டாரை முதலில் குறைந்த ஆம்பியர் இழுக்கும் ஸ்டார் இணைப்பில் கிளப்பி, சில வினாடி கழித்து டெல்டாவுக்கு மாற்றுகிற ஸ்டார்-டெல்டா டைமரை எடுத்துக்கொள்வோம். மில்லிசெகண்ட் கவுண்டர் குறியுள்ள (பிளஸ், மைனஸ் இரண்டும் ஏற்கும்) 32 பிட் எண். ‘முடிவு = இப்போது + 8000’ என்று வைத்து, ‘முடிவு < இப்போது’ என்றால் எண் சுற்றிவிட்டது, கவுண்டரைப் பூஜ்யமாக்கு என்று காவல் போட்டிருக்கிறார்கள். சி மொழி விதிப்படி குறியுள்ள எண் வழிந்தால் (உச்ச மதிப்பைத் தாண்டினால்) என்ன நடக்கும் என்பதற்கு வரையறையே இல்லை. ஆகவே வழியவே வழியாது என்று கம்பைலர் எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் 8000 கூட்டிய எண் சிறியதாக முடியாது, காவல் வரி வெட்டி! ஓ0-வில் ஒழுங்காக ஓடியது ஓ2-வில் போய்விடுகிறது. கவுண்டர் வழிவது 24 நாள் 20 மணி நேரம் கழித்து. அதற்கு முந்தைய 8 வினாடிக்குள் மோட்டார் கிளம்பினால், நின்ற நிலையிலேயே டெல்டாவுக்கு மாறி ஆம்பியர் எகிறும். கரண்ட் போய்வரும் தோட்டத்தில் கவுண்டர் அடிக்கடி பூஜ்யமாகிவிடுவதால் இது தெரியாது. பேட்டரி வைத்த ஜிஎஸ்எம் (செல்போன் வழி இயக்கும்) போர்டிலும், மில்லில் நிற்காமல் ஓடும் பேனலிலும்தான் வெளியே வரும்.

சோதிக்க 24 நாள் காத்திருக்க வேண்டாம். கவுண்டரை 2147470000-இல் தொடங்கினால் 13 வினாடியில் விளிம்பு வந்துவிடும். பத்தாவது வினாடியில் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, ஸ்டார் காண்டாக்டர் (ஸ்டார் இணைப்பைத் தரும் பெரிய ரிலே) முழு 8 வினாடி பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். சரியான மருந்து குறியற்ற எண்: ‘இப்போது − தொடக்கம் >= 8000’ என்று கழித்துப் பார்த்தால் சுற்றினாலும் விடை சரியாகவே வரும். பழைய நிரலைத் தொட முடியாவிட்டால் ‘எஃப்ராப்வி’ (-fwrapv) கொடியை, அதாவது கம்பைலருக்குத் தரும் அமைப்பை, போடுங்கள். வழிந்தால் சுற்றும் என்பதை அது விதியாக்கிவிடும்.

பாயிண்டர் (நினைவிட முகவரியை வைத்திருக்கும் மாறி) சோதனையும் இதே கதைதான். முதலில் பாயிண்டர் காட்டும் இடத்தைப் படித்துவிட்டு, பிறகு அந்தப் பாயிண்டர் பூஜ்யமா என்று கேட்டால் அந்தக் கேள்வி அழிக்கப்படலாம். 2009-இல் லினக்ஸ் கர்னலின் டன் (TUN) என்ற நெட்வொர்க் டிரைவரில் இப்படித்தான் பாதுகாப்பு ஓட்டை விழுந்தது. நம் சிப்பில் இன்னும் மோசம்: பல கார்ட்டெக்ஸ்-எம் சிப்புகளில் பூஜ்ய முகவரியில் வெக்டார் டேபிள் (இன்டரப்ட் ரொட்டீன்களின் முகவரிப் பட்டியல்) இருக்கிறது. படித்தால் ஃபால்ட் (சிப் எழுப்பும் பிழை) வராது, குப்பை எண்தான் வரும். ‘எஃப்-நோ-டிலீட்-நல்-பாயிண்டர்-செக்ஸ்’ (-fno-delete-null-pointer-checks) கொடி கட்டாயம்.

இன்டரப்ட் மாற்றுகிற மாறிக்கு ‘வாலட்டைல்’ (ஒவ்வொரு முறையும் நினைவிடத்திலிருந்தே படி என்ற குறிப்பு) போடுவது எல்லாருக்கும் தெரிந்ததே. கடவுச்சொல் இருந்த நினைவிடத்தை ‘மெம்செட்’ கொண்டு அழிப்பதுதான் கவனிக்கப்படுவதில்லை. பிறகு யாரும் அதைப் படிக்காததால் அந்த அழிப்பும் வெட்டப்படும். சி மொழியின் சி23 தரத்தில் இதற்கென்றே ‘மெம்செட்-எக்ஸ்பிளிசிட்’ (memset_explicit) வந்திருக்கிறது.

வரையறையற்ற செயல்களை ஓட்டத்தின்போதே பிடிக்கும் ஜிசிசியின் யூபிசான் (UBSan) சோதனையை ட்ராப் முறையில் (தவறு கண்டால் உடனே நிறுத்துவது) போட்டால் சிறு சிப்பிலும் ஓடும், குறியீடு மட்டும் பெருக்கும். ட்ராப் விழுந்தால் ஹார்ட்ஃபால்ட் ரொட்டீனுக்கு (கடும் பிழை வந்தால் ஓடும் நிரல் பகுதி) போகும். அங்கே முதல் வேலையாக ரிலேயை விடுவிக்க வேண்டும். சும்மா சுற்றுகிற வெற்று லூப்பை வைத்திருந்தால் ரிலே பிடித்தபடியே நின்று, தண்ணீர் இறங்கிய போர்வெல்லில் மோட்டார் காயில் கருகும்.

காம்ப்சர்ட் (CompCert) என்ற இன்னொரு சி கம்பைலரில் குறியுள்ள எண் சுற்றுவதே வரையறை. மொழிமாற்றம் சரி என்பதற்குக் கணித நிரூபணமும் இருக்கிறது. ஆனால் வணிகப் பயன்பாட்டுக்கு உரிமம் வாங்க வேண்டும். பேனல் பட்டறைக்கு ஜிசிசியே போதும், மேலே சொன்ன இரண்டு கொடிகளும் மேக்ஃபைலில் (கம்பைல் செய்யும் கட்டளைகள் உள்ள கோப்பு) இருந்தால். வெளியீட்டுக்கு முன் ‘ஆப்ஜ்டம்ப்’ (objdump, சிப் கட்டளைகளைப் படிக்கும்படி காட்டும் கருவி) எடுத்து, காவல் வரிக்குரிய ஒப்பீட்டுக் கட்டளை அங்கே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். ஒரு டைமருக்கு ஐந்து நிமிட வேலை.