கல்வி, சாலை, தலைவர், வளர்ச்சி: நான்கு இலவசத் தரவுத் தொகுப்புகளைப் புழங்கியவளின் மதிப்புரை

ஆய்வாளர்களுக்குத் தரவு கோர்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. கட்டுரையின் தலைப்பில் பேராசிரியர் பெயர் வரும்; என் பெயர் அடிக்குறிப்பில் ஒரு நன்றியோடு நின்றுவிடும். வளர்ச்சிப் பொருளியல் பக்கம் புதிதாக வருகிற மாணவர்கள் பலருக்கும் ஒரே ஆசைதான். கல்வி, உள்கட்டமைப்பு, ஆட்சியில் இருப்பவரின் ஆளுமை மூன்றையும் ஒரு பக்கம் வைத்து, மறுபக்கம் வளர்ச்சி விகிதத்தை வைத்து, எது எவ்வளவு இழுக்கிறது என்று ஒரு ரிக்ரெஷனில் (ஒவ்வொரு காரணத்தின் பங்கையும் பிரித்துப் பார்க்கும் புள்ளியியல் கணக்கில்) பார்த்துவிட வேண்டும். "அக்கா, எந்த டேட்டா எடுக்கலாம்?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சரக்கு நல்ல சரக்கு. இலவசமாகக் கிடைக்கிறது, உழைத்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் நான்கு நெடுவரிசைகளும் நான்கு தனித்தனி விஷயங்களை அளக்கின்றன என்று நம்பி எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். ஒன்றின் சாயம் இன்னொன்றில் ஏற்கெனவே ஏறியிருக்கிறது.

வளர்ச்சிக்கு எல்லோரும் எடுப்பது பென் வேர்ல்ட் டேபிள், நாடுகளின் உற்பத்தியையும் வருமானத்தையும் ஒப்பிடும் அட்டவணை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கிராவிஸ், ஹெஸ்டன், சம்மர்ஸ் ஆகியோர் தொடங்கிய வேலை. 2013-இல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து க்ரோனிங்கன் பல்கலைக்கழகமும் கலிஃபோர்னியாவின் டேவிஸ் வளாகமும் பார்த்துக்கொள்கின்றன. நான் அதிகம் புழங்கிய 10.01 பதிப்பில் 183 நாடுகள், 1950 முதல் 2019 வரை. எக்செல் கோப்பைத் திறந்தால் ஜிடிபி என்ற பெயரில் ஒன்றல்ல, பல நெடுவரிசைகள் நிற்கும். செலவுப் பக்கத்திலிருந்து கணித்தது நாடுகளின் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட. உற்பத்திப் பக்கத்திலிருந்து கணித்தது உற்பத்தித் திறனை ஒப்பிட. தேசியக் கணக்கை ஒட்டி வருவது ஒரு நாட்டின் வளர்ச்சி வேகத்தைக் காலப்போக்கில் பார்க்க. புதியவர்கள் கண்ணில் முதலில் படுவதை எடுத்துக்கொண்டு வளர்ச்சி விகிதம் போட்டுவிடுகிறார்கள். விலை ஒப்பீட்டில் வந்த மாற்றமெல்லாம் வளர்ச்சியாகத் தெரியும். விளக்கம் அதே கோப்பில் இன்னொரு ஷீட்டிலேயே இருக்கிறது. படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தத் தொகுப்பில் எனக்குப் பிடித்தது கோப்பின் வலக்கோடியில் யாரும் எட்டிப்பார்க்காத சில நெடுவரிசைகள். ஒரு நாட்டின் விலை நிலவரம் அந்த ஆண்டில் நேரடியாக அளந்ததா, இரண்டு அளவீடுகளுக்கு இடையில் இட்டு நிரப்பியதா, இல்லை கடைசி அளவீட்டிலிருந்து நீட்டித்ததா என்று வரிக்கு வரி குறித்திருக்கிறார்கள். கூடவே அந்த நாட்டின் புள்ளியியல் திறனுக்கு ஒரு மதிப்பெண். தன் சரக்கில் எது ஊகம் என்று விற்பவரே சீட்டு ஒட்டித் தருவது சாதாரணமா? நீட்டித்த வரிகளை மட்டும் விலக்கிவிட்டு ரிக்ரெஷனை மறுபடி ஓட்டச் சொன்னால் சில மாணவர்களின் முகம் வாடும். வாடட்டும்.

குறை என்றால் பதிப்பு மாற்றம். 6.1 பதிப்பில் 1975 முதல் 1999 வரையிலான காலத்துக்கு ஆப்பிரிக்க நாடுகளின் வளர்ச்சி வரிசையில் கடைக்கோடியில் கிடந்த ஈக்வடோரியல் கினி, 6.2 பதிப்பில் அதே காலத்துக்கு முன்வரிசைக்கு வந்துவிட்டது. அந்த நாட்டின் கடந்த காலம் மாறவில்லை, கணக்கு மாறியது. இதையே ஆராய்ந்து 2013-இல் ஒரு கட்டுரையும் வந்தது. பென் டேபிளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. மூலத் தேசியக் கணக்குகளே அப்படித்தான்: 2010-இல் கானா தன் கணக்கின் அடிப்படை ஆண்டைப் (எந்த ஆண்டை அளவுகோலாக வைப்பது என்பதைப்) புதுப்பித்ததும் ஜிடிபி 60 சதவீதம் வாக்கில் எகிறியது, 2014-இல் நைஜீரியா செய்தபோது 89 சதவீதம். ஒரே இரவில் யாரும் அவ்வளவு உற்பத்தி செய்துவிடவில்லை.

அடுத்தது கல்வி. பொருளியலாளர்கள் பாரோ, லீ இருவரும் தொகுத்தது 146 நாடுகள், 1950 முதல் 2010 வரை, ஐந்தாண்டுக்கு ஒரு முறை. வயதுப் பிரிவு வாரியாக, ஆண், பெண் தனித்தனியாக, எந்தக் கட்டம் வரை படித்தார்கள் என்று கிடைக்கும். வேறெங்கும் இவ்வளவு நீளமாகக் கிடைப்பது கஷ்டம். ஆண்டுவாரியாக வேண்டும் என்பவர்கள் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் கோடு இழுத்து நிரப்பிக்கொள்கிறார்கள். பிறகு அந்தக் கோட்டின் சரிவை வைத்தே ஆண்டு வளர்ச்சியை விளக்கப் பார்க்கிறார்கள். அதில் புதுத் தகவல் எங்கிருந்து வரும்?

இந்தத் துறையில் ஒரு பெரிய சண்டையே டேட்டாவின் தரத்தால் வந்தது. பள்ளிப்படிப்பு கூடிய நாடுகளில் ஒரு தொழிலாளிக்கான உற்பத்தி அதற்கேற்ப வேகமாகக் கூடவில்லை என்று லாண்ட் பிரிட்செட் 2001-இல் எழுதினார். அதே ஆண்டு ஆலன் க்ரூகரும் மிக்கேல் லிண்டாலும் வேறொரு கோணத்தைக் காட்டினார்கள்: படித்த ஆண்டுகளின் எண்ணிக்கையில் பிழை நிறைய, குறுகிய இடைவெளியில் வித்தியாசம் எடுக்கும்போது உண்மையான மாற்றம் சிறியது, பிழை பெரியது, ஆகவே தொடர்பு காணாமல்போகிறது. கல்வியால் பயனில்லை என்று தலைப்புச் செய்தி போடுகிறவர்கள் இந்த இரண்டாவது கட்டுரை வரைக்கும் வருவதில்லை.

சாயம் ஏறிய கதை இங்கேதான் தொடங்குகிறது. பென் டேபிளில் மனித மூலதனக் குறியீடு என்று ஒரு நெடுவரிசை உண்டு. பலர் அதை அப்படியே தூக்கிக் கல்வி என்று போட்டுவிடுகிறார்கள். அது எப்படி வருகிறது தெரியுமா? சராசரிப் பள்ளி ஆண்டுகளை எடுத்து, முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 13.4 சதவீதம், அடுத்த நான்குக்கு 10.1, அதற்கு மேல் 6.8 என்று வருமானப் பலனை முன்கூட்டியே வைத்துக் கணித்தது. எல்லா நாட்டுக்கும் ஒரே விகிதம். படிப்புக்கு எவ்வளவு பலன் என்பது உங்கள் கேள்வி. அதற்கு ஒரு பதில் நெடுவரிசைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. கணக்குப்பதிவுக்கு இது சரி. காரணம் தேடுகிறவருக்குச் சரிவராது.

போதாததற்கு, எந்தப் பள்ளியில் படித்த ஓராண்டும் ஓராண்டுதான் என்பது பள்ளி ஆண்டுக் கணக்கின் அனுமானம். ஹனுஷெக்கும் வோஸ்மானும் தேர்வு மதிப்பெண்களை வைத்துப் பார்த்து, வளர்ச்சியோடு ஒட்டி நகர்வது பிள்ளைகள் கற்றதுதான், பள்ளியில் கழித்த ஆண்டுகள் அல்ல என்றார்கள். இப்போது பல தேர்வுகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்த உலக வங்கித் தொகுப்பு ஒன்று இருக்கிறது: 164 நாடுகள், 2000 முதல் 2017 வரை. காலம் குறைவு, ஆனால் நான் கேட்பவர்களுக்கு இதையும் சேர்த்தே எடுத்துக் கொடுக்கிறேன். நாடு ஒப்பிடும் ஆசையையே விட்டுவிட்டவர்களுக்கு இன்னும் நல்ல வழி உண்டு. இந்தோனேசியா 1973 முதல் 1978 வரை 61,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைக் கட்டியது. எந்த மாவட்டத்தில் எத்தனை, அப்போது பிள்ளைக்கு என்ன வயது என்பதை வைத்துப் பின்னாளில் அவர்கள் வாங்கிய கூலியை எஸ்தர் டூஃப்லோ 2001-இல் ஆராய்ந்தார். படிப்பும் கூடியது, கூலியும் கூடியது. ஒரே நாடு, ஒரே திட்டம், நம்பலாம்.

உள்கட்டமைப்புதான் நான்கில் நோஞ்சான். உலக வங்கியின் குறியீட்டுத் தொகுப்பில் ரயில் பாதை நீளம் உண்டு, நடுநடுவே ஓட்டை. மின்சார வசதி உள்ளோர் சதவீதம் உண்டு. ஒரு பல்பு எரிந்தால் வசதி உள்ளவர், நாளுக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது என்பது அந்த எண்ணில் வராது. டேவிட் கேனிங் தொகுத்த சாலை, ரயில், தொலைபேசி, மின் உற்பத்தித் திறன் அட்டவணை அருமையானது, ஆனால் 1995-உடன் நின்றுவிடுகிறது. காசு வாங்கும் ஒரு தளத்தில் இதற்கெல்லாம் விடை இருப்பதாக விளம்பரம் பார்த்து எங்கள் ஆய்வுக் குழு சந்தா கட்டியது. உள்ளே போனால் இதே இலவச எண்கள், அழகான வரைபடத்தோடு. பெயர் வேண்டாம்.

எண் கிடைத்தாலும் தீராத பிரச்சினை, வளரும் இடத்தைத் தேடித்தான் சாலை போகிறது என்பது. 1989-இல் டேவிட் அஷாவர் அமெரிக்கத் தரவை வைத்து, பொது மூலதனம் 1 சதவீதம் கூடினால் உற்பத்தி 0.39 சதவீதம் கூடும் என்றார். எது முன், எது பின் என்ற கேள்வியால் அந்த எண் பிறகு ரொம்பவே அடிவாங்கியது. பின்னால் வந்தவர்கள் ஜாக்கிரதையானார்கள். டேவ் டொனால்ட்சன் பிரிட்டிஷ் இந்திய ரயில்வேயை ஆராய எடுத்துக்கொண்டது உப்பு விலை: ஒரு வகை உப்பு ஒரே இடத்தில்தான் விளைகிறது என்றால், அது விற்கும் ஊருக்கும் விளையும் ஊருக்கும் உள்ள விலை வித்தியாசமே போக்குவரத்துச் செலவு. இந்தியாவின் கிராமச் சாலைத் திட்டத்தில் 500, 1000 என்ற மக்கள்தொகை வரம்புகள் இருந்ததைப் பயன்படுத்திய ஆஷரும் நோவோசாதும், கோட்டுக்குச் சற்று மேலிருந்த கிராமங்களையும் சற்றுக் கீழிருந்தவற்றையும் ஒப்பிட்டார்கள். சாலை வந்த கிராமங்களில் ஆட்கள் விவசாயத்தை விட்டு வெளி வேலைக்குப் போனார்கள். வருமானமும் நுகர்வும் பெரிதாக அசையவில்லை. நாடுவாரி எக்செல் கோப்பு எதிலும் இப்படி ஒரு விடை கிடைக்காது.

தலைவர்களுக்கு ஆர்கிகோஸ். மனதாரப் பாராட்டுகிறேன். 1875-இலிருந்து ஒவ்வொரு நாட்டையும் உண்மையில் ஆண்டவர் யார் என்று தேதி வாரியாக இருக்கிறது. பட்டத்தில் இருந்தவரை விட்டு அதிகாரத்தில் இருந்தவரை எடுத்திருக்கிறார்கள். பனாமாவில் அதிபர்கள் வந்து போய்க்கொண்டிருந்தாலும் ராணுவத் தளபதி நொரியேகாதான் பதிவில் நிற்கிறார். எப்படி வந்தார், எப்படிப் போனார், போன பிறகு சிறையா, நாடுகடத்தலா என்பதும் உண்டு. மற்றக் கோப்புகளோடு இணைத்து மெர்ஜ் பண்ணும்போதுதான் உயிர் போகும். இதில் எண் குறியீடு, பென் டேபிளில் மூன்றெழுத்துக் குறியீடு. பழைய உலக வங்கிக் குறியீட்டில் ருமேனியா 'ஆர்.ஓ.எம்.', இன்றைய சர்வதேசத் தரக் குறியீடான ஐ.எஸ்.ஓ.வில் 'ஆர்.ஓ.யு.', கவனிக்காவிட்டால் ஒரு நாடே சத்தமில்லாமல் விழுந்துவிடும். ஒரே ஆண்டில் மூன்று தலைவர்கள் வந்தால் அந்த ஆண்டின் வளர்ச்சி யார் கணக்கு என்பதையும் முன்பே முடிவு செய்து எழுதிவைக்க வேண்டும்.

தலைவர் 'எப்படிப் போனார்' என்ற அந்தத் தகவல் எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு ஜோன்ஸ், ஓல்கன் இருவரின் 2005 கட்டுரை சாட்சி. பதவியில் இருக்கும்போதே நோயிலோ விபத்திலோ இறந்த 57 தலைவர்களை மட்டும் எடுத்து, சாவுக்கு முன்னும் பின்னும் வளர்ச்சி மாறியதா என்று பார்த்தார்கள். அத்தகைய சாவுக்கும் பொருளாதாரத்துக்கும் சம்பந்தமில்லை என்பதுதான் சூட்சுமம். 1976-இல் மாவோ, 1986 விமான விபத்தில் மொசாம்பிக்கின் சமோரா மஷேல். கட்டுப்பாடில்லாத ஆட்சிகளில் தலைவர் மாறினால் வளர்ச்சி மாறியது, ஜனநாயகங்களில் அப்படித் தெரியவில்லை.

தலைவர் முக்கியம், சரி. எந்தக் குணம் முக்கியம்? இங்கே சரக்கு மெலிகிறது. படித்த தலைவர் வந்தால் வளர்ச்சி கூடும் என்று பெஸ்லி குழு 2011-இல் சொன்னது. பட்டம் வாங்கியவர்கள் அப்படி ஒன்றும் சிறப்பாக ஆளவில்லை என்று கார்ன்ஸும் லூப்புவும் 2016-இல் மறுத்தார்கள். ஆளுமையை அளக்க மார்கரெட் ஹெர்மனின் முறை உண்டு: தயாரிக்காமல் கொடுத்த பேட்டிகளிலிருந்து நூறு சொல்லுக்குக் குறையாத ஐம்பது பதில்களை எடுத்து, அதிகார வேட்கை, பிறர்மீது அவநம்பிக்கை உள்ளிட்ட ஏழு குணங்களுக்கு மதிப்பெண் போடுவது. பேட்டியே கொடுக்காதவரை என்ன செய்வது? மொழிபெயர்த்த பேட்டியில் மிஞ்சுவது தலைவரின் குணமா, மொழிபெயர்ப்பாளரின் நடையா? மற்றொரு வழி, நிபுணர்களிடம் கேட்டு மதிப்பெண் வாங்குவது. நாடு நன்றாக வளர்ந்தது என்று தெரிந்த நிபுணர் அதன் தலைவரைத் திறமைசாலி என்பார். பிறகு திறமையால் வளர்ச்சி வந்தது என்று ரிக்ரெஷன் சொல்லும். ஈஸ்டர்லியும் பென்னிங்ஸும் தலைவர் வாரியாக வளர்ச்சிப் பங்களிப்பைக் கணித்துப் பார்த்தபோது, நாயகர்களாகக் கொண்டாடப்படும் பலரின் பங்களிப்பைச் சுழியத்திலிருந்து பிரித்துக் காட்ட முடியவில்லை. ஆளுமை மதிப்பெண்ணைப் பிரதான மாறியாக வைக்க யாராவது கேட்டால் நான் தயங்குவது இதனால்தான்.

நாட்டுக்குள்ளே இறங்கினால் தலைவரும் சாலையும் ஒட்டிக்கொள்வது பளிச்சென்று தெரியும். கென்யாவில் ஜனநாயகம் இல்லாத காலங்களில், அதிபரின் இனத்தவர் வாழ்ந்த மாவட்டங்களுக்குச் சாலைச் செலவு இரண்டு மடங்கும், தார்ச்சாலை நீளம் ஐந்து மடங்கும் போனது. ஜனநாயகம் வந்ததும் அந்தச் சலுகை மறைந்தது. 126 நாடுகளின் இரவு வெளிச்சத்தைச் செயற்கைக்கோள் வழியே பார்த்த ஹோட்லரும் ராஷ்கியும், தலைவர் பிறந்த பகுதி கூடுதலாக மின்னுவதைக் கண்டார்கள். தலைவரையும் சாலையையும் ஒரே சமன்பாட்டில் தனித்தனிக் காரணங்களாக வைப்பவர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

வளர்ச்சி நெடுவரிசையிலும் ஆட்சியின் சாயம் உண்டு. அதே இரவு வெளிச்சத்தை ஜிடிபியோடு ஒப்பிட்ட லூயிஸ் மார்ட்டினஸ், சர்வாதிகார நாடுகள் ஆண்டு வளர்ச்சியைச் சுமார் 35 சதவீதம் ஊதிக் காட்டுவதாக 2022-இல் கணித்தார். ஆகவே ஆளும் விதத்துக்கும் வளர்ச்சிக்கும் தொடர்பு தேடுகிறவர் பென் டேபிளோடு இரவு வெளிச்சத்தையும் இறக்கிக்கொள்வது நல்லது. 1992 முதல் 2013 வரையிலான பழைய செயற்கைக்கோள் வரிசையையும் 2012-இல் தொடங்கும் புதியதையும் அப்படியே ஒட்டாதீர்கள், இரண்டின் அளவுகோலும் வேறு. இறக்கிய கோப்பின் பெயரில் பதிப்பு எண்ணையும் தேதியையும் போட்டு மூலக் கோப்பைத் தொடாமல் வைத்திருங்கள். கட்டுரையைப் பரிசீலிக்கும் மதிப்பீட்டாளர் அதைத்தான் முதலில் கேட்பார்.